பெரட்டுக்களத்தில் ஒரு பிரஷர் பெட்டி வேண்டும்!

“மூளையில இரத்தக் குழாய் வெடிச்சிடுச்சாம்!”

நமது தோட்டப்புறங்களில் துக்கச் செய்தியோடு சேர்ந்து அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. நேற்று வரை செம்பனைக் குலை வெட்டியவர், காலையில் பசியாறிவிட்டு வேலைக்குக் கிளம்பியவர், ‘தலை ரொம்ப வலிக்குது’ என்று உட்கார்ந்தார், வாந்தி எடுத்தார், வாய் ஒரு பக்கம் கோணியது, கை விழுந்தது. அவ்வளவுதான். “விதி முடிஞ்சிடுச்சு, நாம என்ன செய்ய முடியும்?” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

இதை விதி என்று சொல்வதை நாம் முதலில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இது இரத்தக் கொதிப்பின் வேலை. பத்துப் பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து அரித்து, ஒரு நாள் திடீரென்று தலைகாட்டும் வியாதியின் வேலை.

இந்த மூளை இரத்தக் கசிவுக்குப் புதிய வைத்தியம் ஒன்று இப்போது பேசப்படுகிறது. மண்டை ஓட்டைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளை போட்டு, அதன் வழியாகக் குழாய் விட்டு, உள்ளே கட்டிக் கிடக்கும் இரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். நல்ல செய்திதான், வரவேற்போம். ஆனால் கேரித் தீவில் ஒரு லயத்து வாசலில் விழுந்து கிடக்கும் தொழிலாளிக்கு அந்த வைத்தியம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அவர் போய்ச் சேருவதற்குள் மூளையில் மிச்சம் என்ன இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் புதிய வைத்தியத்தைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருப்பதில் பாட்டாளி மக்களுக்கு என்ன பயன்?

உள்ளே நடப்பது என்ன?

தண்ணீர் பம்பில் வேகம் கூடினால் பழைய ரப்பர் குழாய் எங்கே வெடிக்கும்? மெலிந்த இடத்தில்தான். மூளையிலும் அதே கதைதான். பெரிய இரத்தக் குழாயிலிருந்து பிரிந்து, மயிரிழை போல் மூளையின் ஆழத்துக்குள் போகும் சின்னஞ்சிறு குழாய்கள் இருக்கின்றன. பெரிய குழாயின் அழுத்தம் அப்படியே இந்தச் சின்னக் குழாய்களின் மேல் விழுகிறது. வருஷக்கணக்கில் அந்த அடியைத் தாங்கித் தாங்கிச் சுவர் நைந்து போகிறது. ஒரு நாள் கிழிகிறது. இரத்தக் கொதிப்பால் வரும் கசிவு பெரும்பாலும் இப்படி ஆழத்தில்தான் நடக்கிறது. கைக்கும் காலுக்கும் போகிற நரம்புகள் நெருக்கமாக ஓடும் இடம் அது. அதனால்தான் உயிர் தப்பினாலும் கை கால் விழுந்துவிடுகிறது.

பக்கவாதம் எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான பக்கவாதம் குழாய் அடைத்துக்கொள்வதால் வருகிறது. குழாய் கிழிந்து இரத்தம் கசிவதால் வருவது அதைவிடக் குறைவு. ஆனால் கொடுமை அதிகம். கசிவு கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோகிறார்கள். அடைப்பா, கசிவா என்று வெளியே இருந்து பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இந்த ‘சிட்டி ஸ்கேன்’ மெஷினில் முதல் நோயாளியைப் படம் எடுத்ததே 1971-ஆம் ஆண்டு, லண்டனில்தான். அதற்கு முன்பு பெரிய பெரிய டாக்டர்கள்கூட அனுமானத்தில்தான் வைத்தியம் பார்த்தார்கள்.

இன்னொரு விஷயம் மிக முக்கியம். குழாய் கிழிந்த அந்த நிமிஷத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பலருக்கு முதல் சில மணி நேரம் கசிவு வளர்ந்துகொண்டே போகிறது. அதற்குப் பிறகு, கட்டிய இரத்தமே விஷம்போல் ஆகிச் சுற்றியுள்ள மூளையை வீங்க வைக்கிறது. ஆகவே முதல் மணி நேரத்தில் நாம் செய்வதும் செய்யத் தவறுவதும் தொழிலாளியின் மிச்ச வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன.

பெரிய கதவும் சிறிய துளையும்

இரத்தம் கட்டியிருந்தால் மண்டையைத் திறந்து எடுத்துவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆழத்தில் கிடக்கும் கட்டியை எடுக்க, நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டு அல்லவா போக வேண்டியிருக்கிறது! 1,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2005-இல் வெளிவந்தது. உடனே அறுவை செய்தவர்களுக்கும், முதலில் மருந்தோடு கவனித்துப் பார்த்தவர்களுக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அது சொன்னது.

அப்படியானால் கதவை உடைக்காமல் சிறு துளை வழியாகப் போனால் என்ன? இந்த யோசனை புதியதல்ல. 1978-லேயே ஸ்வீடன் நாட்டு டாக்டர்கள், மண்டையில் துளையிட்டு, குழாய்க்குள் திருகாணி போன்ற கருவியைச் சுழற்றி இரத்தக் கட்டியை உறிஞ்சும் முறையை எழுதி வெளியிட்டார்கள். 1989-இல் ஆஸ்திரியா நாட்டில் 100 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 70 பேர் இறந்தார்கள்; துளை வழியாக விளக்குக் குழாய் விட்டு இரத்தத்தை எடுத்தவர்களில் 42 பேர் இறந்தார்கள். நம்பிக்கை பிறந்தது.

பிறகு இன்னொரு முறை வந்தது. மெல்லிய குழாயை இரத்தக் கட்டிக்குள் வைத்துவிட்டு, கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சில நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி வடிய விடுவது. சுமார் 500 பேரிடம் செய்த இந்தச் சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. ஒரு வருஷம் கழித்துத் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆனால் இரத்தத்தை நன்றாக வடித்து, ஒரு மேசைக்கரண்டி அளவுக்குக் குறைத்தவர்கள் மட்டும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

கடைசியாக 2024-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு முடிவு வந்தது. 300 நோயாளிகள், கசிவு கண்ட 24 மணி நேரத்துக்குள் சிறு துளை அறுவை. ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள், அறுவை செய்த பக்கம் நூற்றுக்கு 9 பேர். செய்யாத பக்கம் 18 பேர். பாதிக்குப் பாதி! ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நடமாட்டத்திலும் முன்னேற்றம் இருந்தது.

ஆனால் இங்கேதான் நாம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த நன்மை, மூளையின் மேற்பக்கமாகக் கசிந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. ஆழத்தில் கசிந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை என்பதால் அவர்களைச் சேர்ப்பதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரத்தக் கொதிப்பால் வரும் கசிவு பெரும்பாலும் எங்கே வரும் என்று மேலே சொன்னோம்? ஆழத்தில்! நம் ஜனங்களை அதிகம் தாக்கும் வகைக்குத்தான் இந்தப் புதிய கருவி இன்னும் முழுக் கைகொடுக்கவில்லை. நாளை கொடுக்கலாம், ஆராய்ச்சி நடக்கிறது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதா?

பெரிய மெஷின் இல்லாமலும் ஆகிற காரியம்

2023-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சி நமக்கு அதிகம் பொருந்தும். இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7,000 நோயாளிகள். அங்கே புதுக் கருவி எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த கசிவு நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே இறக்க முயன்றார்கள், சர்க்கரையைக் கட்டுப்படுத்தினார்கள், காய்ச்சலைத் தணித்தார்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் அதற்கு மாற்று மருந்து கொடுத்தார்கள். நான்கே காரியம், ஒழுங்காக, உடனே. மரணம் குறைந்தது, ஊனமும் குறைந்தது.

இதை வீட்டில் செய்ய முடியாது. கொதிப்பு மாத்திரையை இரண்டு மூன்றாக வாயில் போடுவது ஆபத்து. டாக்டர் கையில் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் பாடம் என்ன? மூளை டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியிலும் முதல் மணி நேரத்தில் காப்பாற்ற வழி இருக்கிறது. அங்கே போய்ச் சேர வேண்டும், அதுதான் பிரச்னை.

தீவிலிருந்து நகரத்துக்கு

கேரித் தீவு பெயருக்குத்தான் தீவு. பாலம் போட்டுப் பல காலமாயிற்று. பாலத்தைத் தாண்டினால் தெலுக் பங்ளிமா காராங். அங்கிருந்து வடக்கே கிள்ளான், தெற்கே பந்திங். கிள்ளானில் துங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி இருக்கிறது. மூளை அறுவை என்றால் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி, சுங்கை பூலோ, மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி என்று நகரத்தைச் சுற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் 1960-களில் வேரூன்றிய மூளை அறுவைத் துறையை வளர்த்த முன்னோடி டாக்டர் ஆறுமுகசாமி, ஒரு தமிழர். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தப் பெருமை, தோட்டத்துச் செம்மண் ரோட்டின் கடைசியில் இருக்கும் லயம் வரை எட்ட வேண்டாமா?

பகலில் என்றால் யாருடைய காராவது இருக்கும். இரவு இரண்டு மணிக்கு? ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்கிற பேச்சு அப்போதுதான் எழுகிறது. அந்த நான்கு மணி நேரத்தில் கசிவு இரண்டு மடங்காகிவிடக் கூடும். முன்பெல்லாம் பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது, டிரசர் இருந்தார். கெட்டிக்காரரோ இல்லையோ, கதவைத் தட்டினால் எழுந்து வர ஒருவர் இருந்தார். பல தோட்டங்களில் இன்று அதுவும் இல்லை. 1990-ஆம் ஆண்டு வந்த 446-ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்கும் சுகாதாரத்துக்கும் மருத்துவ வசதிக்கும் குறைந்தபட்ச அளவு வகுத்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் தூங்கினால் நோயாளி எழுந்திருக்க மாட்டார்!

ஜனாதிபதிக்குக் கிடைக்காத மாத்திரை

“வசதி உள்ளவனுக்கு இதெல்லாம் வராது” என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சரித்திரம் சொல்ல வேண்டும்.

சோவியத் நாட்டையே ஆட்டிவைத்த ஸ்டாலின், 1953 மார்ச் முதல் தேதி தம் மாளிகை அறையில் கீழே விழுந்தார். மூளையில் கசிவு. வெளியே காவலர்கள் இருந்தார்கள். கூப்பிடாமல் உள்ளே போகப் பயம்! இரவில்தான் கண்டுபிடித்தார்கள், டாக்டர்கள் வந்து சேர்ந்ததோ மறுநாள் காலையில். மார்ச் 5-ஆம் தேதி உயிர் போயிற்று. அத்தனை அதிகாரம் இருந்தும் தாமதம் அவரையும் விடவில்லை.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச் மாதம் டாக்டர் சோதித்தபோது அழுத்தம் 186-க்கு 108. உலக யுத்தம் நடத்திய அந்த மனிதருக்கு அதை இறக்க நல்ல மாத்திரை அன்று உலகத்திலேயே இல்லை. 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி ‘தலை பயங்கரமாக வலிக்கிறது’ என்றார், சாய்ந்தார், அன்றே போய்விட்டார்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரை இன்று அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் நம் தொழிலாளிக்குக் கிடைக்கிறது! அதை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தால் யாருக்கு நஷ்டம்?

2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு இரத்தக் கொதிப்பு. அதில் 12 பேருக்குத் தங்களுக்கு வியாதி இருப்பதே தெரியாது! “எனக்குத் தலை சுத்தல, மயக்கம் வரல, எனக்கு எங்கே பிரஷர்?” என்கிறார் அண்ணன். சுத்தாதுதான். சுத்தினால்தான் நாம் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோமே!

“மாத்திரை சாப்பிட்டா கிட்னி கெட்டுப்போகும்” என்கிறார் அக்கா. உண்மை தலைகீழ். கட்டுப்படாத கொதிப்புதான் கிட்னியைக் கெடுக்கும். சில மாத்திரைக்கு வறட்டு இருமல் வரும். சிலதுக்குக் கணுக்கால் வீங்கும். அதை டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். நாமாகவே நிறுத்துவதுதான் தப்பு. மேல் அழுத்தத்தில் பத்து எண் குறைந்தால் பக்கவாத ஆபத்து சுமார் கால் பங்கு குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. எந்தத் துளை அறுவையும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பேரைக் காப்பாற்றியதில்லை.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மலேசியர்கள் சராசரியாகச் சாப்பிடுவதோ 8 கிராமுக்குப் பக்கத்தில். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், பாக்கெட் மீ என்று உப்பு வேறு வேறு வேஷத்தில் வருகிறது. வெயிலில் வேலை செய்து வியர்வை போகிறதே என்றால், தண்ணீரைக் கூடக் குடியுங்கள், கருவாட்டைக் கூட்டாதீர்கள். சம்சுவும் சிகரெட்டும் எரிகிற தீயில் எண்ணெய்.

வீட்டில் செய்ய வேண்டியதும் கூடாததும்

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராமல் விழுந்தால், பேச்சு குழறினால், இதுவரை கண்டிராத தலைவலியோடு வாந்தி வந்தால் நேரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் முதலில் கேட்பார். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். ‘ஸ்ட்ரோக்’ அல்லது மலாயில் ‘அங்ஙின் அஹ்மார்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த வழியாக நுழைய வேண்டும் என்பதைச் சொல்லி, ஒரு தம்பியை மெயின் ரோட்டில் நிற்க வையுங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடாதது: விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியம் சுத்தப் பொய், அது நேரத்தைத் தின்னும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. கசிவாக இருந்தால் இன்னும் கசியும். காப்பி, சோடா, கஷாயம் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். எண்ணெய் போட்டு உருவுவதும் மந்திரிப்பதும் பிறகு ஆகட்டும். முதலில் ஆஸ்பத்திரி!

கேட்க வேண்டியதைக் கேட்போம்

தொழிலாளி தன் பங்கைச் செய்ய வேண்டும் என்று உபதேசம் செய்வது சுலபம். மற்றவர்கள் பங்கு என்ன?

தோட்ட நிர்வாகங்களுக்கு: மாதம் ஒரு நாள் பெரட்டுக்களத்தில் ஒரு பிரஷர் பெட்டியை வையுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம். 140-க்கு 90-ஐத் தாண்டியவர்களைக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். செம்பனை மரத்துக்கு இலையைக் கிள்ளி ஆராய்ச்சி செய்து எவ்வளவு உரம் வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறோம். மரத்துக்குப் பார்க்கிற கணக்கை மனிதனுக்குப் பார்க்கக் கூடாதா? கிளினிக்கில் தவணை இருக்கும் நாளில் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். ஒரு நாள் கூலி போகும் என்று பயந்துதான் பலர் மாத்திரை தீர்ந்தும் போவதில்லை. இரவில் ஒரு வாகனமும் ஒரு டிரைவர் பெயரும் நோட்டீஸ் பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

தொழிற்சங்கத்துக்கு: 1954 முதல் நமக்காகப் பேசிவரும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், மாப்பாவோடு சம்பளம் பேசும் மேசையில் இந்த மூன்றையும் வைக்க வேண்டும். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களையும் சேர்த்துத்தான். இரத்தக் கொதிப்பு பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை.

அரசாங்கத்துக்கு: 40 வயது தாண்டிய வசதி குறைந்தவர்களுக்கு 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 இலவசப் பரிசோதனை நல்ல திட்டம். ஆனால் அது தனக்கு உண்டு என்று தெரியாத தாய்மார்கள் லயங்களில் எத்தனை பேர்! பேப்பரில் விளம்பரம் போட்டால் போதாது. தமிழ்ப் பேசத் தெரிந்தவர் லயத்துக்கு வர வேண்டும். மூளை அறுவை எல்லா ஊரிலும் வைக்க முடியாது; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஸ்கேனும், முதல் மணி நேர வைத்தியமும், தாமதமில்லாத ஆம்புலன்ஸும் தோட்டப்புறங்களை ஒட்டிய ஆஸ்பத்திரிகளில் இராப்பகலாகக் கிடைக்க வேண்டும்.

குடும்பங்களுக்கு இன்னொரு சேதி. விழுந்தவர் பிழைத்து, இனி வேலை செய்ய முடியாது என்று ஆனால் மூலையில் போட்டுவிடாதீர்கள். 60 வயதுக்குள் இருந்து, பெர்கேசோ சந்தா போதிய மாதங்கள் கட்டியிருந்தால் செயலிழப்பு ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம். மலாக்காவில் பெர்கேசோவின் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. அது தானமல்ல, நம் சம்பளத்தில் பிடித்த காசு. படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். சங்கக் கிளைக்குப் போங்கள்.

மூளைக்குள் துளை போட்டு இரத்தம் எடுக்கும் டாக்டர்கள் நீடூழி வாழட்டும். அவர்கள் கலை இன்னும் வளர்ந்து, ஆழத்துக் கசிவுக்கும் வழி பிறக்கட்டும். ஆனால் பாட்டாளித் தோழர்களே, அந்தக் கத்திக்கு நம் தலை போகாமல் இருப்பதுதான் முதல் வைத்தியம். கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் தெரிந்துவிடும் சேதியை, மூளை வெடித்த பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அடுத்த மாதப் பெரட்டில் கேளுங்கள்: “பிரஷர் பெட்டி எங்கேங்க?” ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். தோட்டமே கேட்டால் பெட்டி வந்து சேரும்!